ஆதொண்டைச் சக்கரவர்த்தியும் ஸ்காட்லாந்து மானும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வருகிறவர்கள் கவரைப்பேட்டை வரை பாதியும், பொன்னேரி வரை மீதியுமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆதொண்டைச் சக்கரவர்த்தியைப் பற்றிய காணொளி ஒன்று ஒரு மாதமாக நம் ஆட்களிடையே சுற்றி வருகிறது. தொண்டை மண்டலத்தை உண்டாக்கியவன் ஆதொண்டை, அவன் கொண்டுவந்து அமர்த்திய 48,000 குடும்பங்களே இந்த மண்ணின் சொந்தக்காரர்கள், மற்றவர்கள் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்பது அதன் சாரம். பழைய மாணவர்கள் பலர் அதை எனக்கு அனுப்பி, "சார், இது நிஜமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உறவினர்கள் கேட்கவே இல்லை, நிஜம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வாசலில் ஒரு கருங்கல் பலகை வைப்பதாகவும், அதில் நாம் ஆதொண்டை குடியமர்த்திய வம்சம் என்று பொறிப்பதாகவும், வாசகத்தை நான் எழுதித் தருவதாகவும் குடும்பக் குழுவில் தீர்மானம் ஆகியிருக்கிறது. 34 வருடம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. இரு தரப்புக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதுகிறேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

முன்னொரு காலத்தில் நம் பகுதியைக் குறும்பர்கள் ஆண்டார்கள். நாட்டை 24 கோட்டங்களாகப் பிரித்துக் கோட்டைகள் கட்டினார்கள். தலைமைக் கோட்டை புழலில் இருந்தது. இன்று ஏரி என்றும் சிறை என்றும் நாம் அறிகிற அதே புழல்தான். குலோத்துங்க சோழனுக்கு ஆடல் மகள் ஒருத்தியிடம் பிறந்தவன் ஆதொண்டை. அவன் படையெடுத்து வந்தான். முதல் போரில் தோற்றுப் பின்வாங்கினான். அப்போது அவன் யானையின் காலை ஒரு முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. கொடியை வாளால் வெட்டினான். அடியில் இருந்த லிங்கத்தின் மேல் வாள் பட்டு ரத்தம் பெருகியது. பதறிப்போய்த் தன் தலையையே வெட்டிக்கொள்ளத் துணிந்தான். இறைவன் தோன்றித் தடுத்து, நந்தியைத் துணைக்கு அனுப்பினார். மறுபடி போர் நடந்தது. புழல் கோட்டை விழுந்தது. கோட்டையிலிருந்து கொண்டுவந்த இரண்டு வெள்ளெருக்கந் தூண்களைக் கோயிலில் நிறுத்தினான். பிறகு, காலியான நாட்டை நிரப்பச் சோழ நாட்டிலிருந்தும் துளு நாட்டிலிருந்தும் வேளாளக் குடிகளை அழைத்து வந்தான். அந்தத் தொகைதான் 48,000.

அம்பத்தூர் பக்கம் போகிறவர்கள் வடதிருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்கு ஒரு நடை போய் வாருங்கள். எருக்கந் தூண்கள் இருக்கின்றன. நந்தி சுவாமியைப் பார்க்காமல் எதிர்ப்புறம் திரும்பி, போருக்குப் புறப்பட்ட நிலையில் இருக்கிறது. வாள் பட்ட காயத்துக்காக மூலவருக்குச் சந்தனக் காப்பு. கதையின் ஒவ்வொரு துண்டுக்கும் கையால் தொட்டுக் காட்ட ஒரு சாட்சி வைத்திருக்கிற கோயில் அது. இப்படிப்பட்ட கதையை நம்பாமல் இருப்பது கஷ்டம்தான்.

இனி, இந்தக் கதையைத் தேடி எழுதி வாங்கியவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் காலின் மெக்கன்சி. ஸ்காட்லாந்தின் வடமேற்கு ஓரத்தில் லூயிஸ் என்ற தீவு, அதில் ஸ்டோர்னோவே என்ற சிறு துறைமுகம் அவர் ஊர். அங்கே சுங்க இலாகாவில் வேலை பார்த்தவர் 1783-இல் கம்பெனிப் படையின் பொறியாளராகச் சென்னைக்கு வந்தார். திப்பு சுல்தானுக்குப் பின் மைசூரை அளந்தார். 1815-இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். 1821-இல் இறந்தார். திரும்ப ஊருக்குப் போகவே இல்லை.

நிலத்தை அளக்கப் போன இடமெல்லாம் அவர் கதையும் கேட்டார். அவருக்காக ஊர் ஊராக அலைந்தவர்கள் நம் நாட்டுப் படிப்பாளிகள். காவலி வெங்கட போரையா, அவர் தம்பி லட்சுமையா, தர்மையா என்ற சமணர் எனப் பலர். கோயில் அர்ச்சகர், கர்ணம், கிராமப் பெரியவர் என்று யாரிடம் என்ன கிடைத்தாலும் எழுதி வாங்கினார்கள். படியெடுத்த கல்வெட்டுகள் மட்டும் 8,000-க்கும் மேல். தொண்டை மண்டலத்துக் குறும்பர் கதையும் அப்படி வந்து சேர்ந்ததுதான். இந்தச் சுவடிகளில் பெரும்பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

மெக்கன்சி என்பது அவர் குலத்தின் பெயர். நாம் "வகையறா" என்கிறோமே, அதை அங்கே "கிளான்" என்பார்கள். கேலிக் மொழியில் அந்தச் சொல்லுக்குப் "பிள்ளைகள்" என்று பொருள். மெக்கன்சி என்றால் "கென்னத்தின் மகன்". தலைவனும் அவன் நிலத்தில் உழுகிறவனும் ஒரே பாட்டனின் பிள்ளைகள் என்பது அந்த ஊர் நம்பிக்கை. லூயிஸ் தீவு முழுவதுமே மெக்கன்சி குலத் தலைவர்களான சீஃபோர்த் பிரபுக் குடும்பத்தின் சொத்தாக இருந்தது.

அந்தக் குலத்துக்கும் ஓர் ஆதொண்டைக் கதை உண்டு. அதையும் கேளுங்கள்.

1263-இல் ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் அலெக்சாண்டருக்கும் நார்வேக்காரர்களுக்கும் லார்க்ஸ் என்ற இடத்தில் சண்டை நடந்தது. அதில் அரசர் பக்கம் நின்று போரிட்டவன் அயர்லாந்திலிருந்து வந்த காலின் ஃபிட்ஜெரால்டு என்ற வீரன். பின்பு ஒருநாள் வேட்டையில் பெரிய கலைமான் ஒன்று அரசர் மீது பாய்ந்தது. ஃபிட்ஜெரால்டு குறுக்கே புகுந்து மானைக் கொன்று அரசரைக் காப்பாற்றினான். மகிழ்ந்துபோன அரசர் அவனுக்குக் கின்டெய்ல் என்ற நிலப்பகுதியைச் சாசனம் எழுதிக் கொடுத்தார். அவன் வழி வந்தவர்களே மெக்கன்சிகள். குலச் சின்னத்தில் மான் தலை, அதோடு "அரசருக்கு உதவு" என்ற வாசகம். 1786-இல் சீஃபோர்த் குடும்பத்தார் பெஞ்சமின் வெஸ்ட் என்ற புகழ்பெற்ற ஓவியரைக் கொண்டு இந்தக் காட்சியைச் சுவர் அளவுக்கு வரைய வைத்தார்கள். எடின்பரோவில் தேசிய ஓவியக்கூடத்தில் அது இருக்கிறது. எருக்கந் தூண் போல அதுவும் ஒரு சாட்சி.

லார்க்ஸ் சண்டை நடந்தது உண்மை. அலெக்சாண்டர் என்ற அரசர் இருந்ததும் உண்மை. ஆனால் அயர்லாந்து வீரன் கதை எழுத்தில் தலைகாட்டுவது 17ஆம் நூற்றாண்டில்தான், சம்பவம் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு ஏறக்குறைய 400 வருடம் கழித்து. ஆதாரமாகக் காட்டிய கின்டெய்ல் சாசனம் பின்னாளில் புனைந்தது என்று 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்களே தள்ளிவிட்டார்கள். அதைவிடப் பழைய ஆவணம் ஒன்று உண்டு. 1467-ஐச் சேர்ந்த கேலிக் கையெழுத்துப்படி. அதில் மெக்கன்சிகளின் வம்ச வரிசை இருக்கிறது. அயர்லாந்து வீரன் அதில் இல்லை. அந்த மலைநாட்டிலேயே பிறந்து வளர்ந்த கேலிக் குடும்பம் என்றுதான் அது சொல்கிறது.

பிறகு ஏன் வெளியூர் வீரன் ஒருவனைப் பாட்டனாக்கிக்கொண்டார்கள்? மலைநாட்டுக் குடும்பங்கள் லண்டனிலும் எடின்பரோவிலும் பிரபுக்களோடு சரிசமமாக உட்கார வேண்டிய காலம் வந்தது. அங்கே கேட்ட கேள்வி, "உன் நிலத்துக்கு அரசர் கொடுத்த சாசனம் எங்கே?" என்பது. "எப்போதும் இங்கேயே இருக்கிறோம்" என்றால் மதிப்பில்லை. "அரசரைக் காப்பாற்றினோம், அவர் கையால் வாங்கினோம்" என்றால் மதிப்பு. அதனால் குலக்கதை என்பதை நிலப் பத்திரம் போலப் படிக்க வேண்டும் என்று நான் வகுப்பில் சொல்வது வழக்கம். பத்திரத்தைக் கையில் வாங்கினால் முதலில் என்ன பார்ப்போம்? எந்தத் தேதியில் எழுதியது, யார் பெயருக்கு எழுதியது, எந்த நிலத்துக்கு எழுதியது. கதையிலும் அந்த மூன்றையும் பார்க்க வேண்டும்.

ஆதொண்டைப் பத்திரத்தை அப்படிப் பார்ப்போம்.

முதலில் தேதி. குலோத்துங்கன் அரியணை ஏறியது 1070. அவன் மகன் ஆதொண்டை என்றால் முல்லைக்கொடி சம்பவம் 1070-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ நடந்திருக்க வேண்டும். ஆனால் சுந்தரமூர்த்தி நாயனார் திருமுல்லைவாயிலைப் பாடிய தேவாரப் பதிகத்திலேயே தொண்டைமான் வருகிறான், அவன் யானை வருகிறது, அதைக் கட்டிய முல்லைக்கொடி வருகிறது, இறைவன் வெளிப்பட்டு அருளியதும் வருகிறது. சுந்தரர் காலம் 8ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 9ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. பல்லவர்கள் காஞ்சியில் ஆண்ட காலம் அது. குலோத்துங்கனுக்கு 250 வருடத்துக்கும் மேல் மூத்தது. சுந்தரர் காலத்திலேயே பழங்கதையாகிவிட்ட ஒரு சம்பவம், 1070-க்குப் பிறகு வந்தவனின் மகனுக்கு எப்படி நடந்திருக்கும்? மாணவர்களே, இந்த ஒரு கணக்கு போதும். காணொளியில் சொல்கிற ஆதொண்டை அங்கேயே நின்றுவிடுகிறான்.

அப்படியானால் எல்லாம் கட்டுக்கதையா? அப்படியும் சொல்ல மாட்டேன். கிணறு வெட்டும்போது பார்த்திருப்பீர்கள். மேலே வண்டல், அதற்குக் கீழே களிமண், அதற்கும் கீழே மணல். எல்லாம் மண்தான், வந்து படிந்த காலம்தான் வேறு. இந்தக் கதையும் அப்படி. தொண்டைமான் என்ற பெயர் மிகப் பழையது. பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன், சங்ககாலத்தவன். அவனுக்கே ஒரு பிறப்புக் கதை வளர்ந்திருக்கிறது. மணிமேகலையில் சோழனுக்கும் நாக கன்னி பீலிவளைக்கும் பிறந்த குழந்தை கப்பலில் வரும்போது கடலில் தவறிப்போகிறது. 14ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சொல்லும் கதையிலோ, நாக கன்னி பெற்ற குழந்தை தொண்டைக்கொடி அடையாளத்தோடு அலையில் மிதந்து கரை சேர்ந்து, இளந்திரையன் ஆகிறது. ஒரு நூலில் தொலைந்துபோன குழந்தை இன்னொரு நூலில் நாடாள்கிறது! அதன் மேல் படிந்தது சுந்தரர் காலத்து முல்லைக்கொடி. அதற்கும் மேலே குலோத்துங்கன். கலிங்கத்துப்பரணி புகழும் குலோத்துங்கனின் படைத்தலைவன் பெயர் கருணாகரத் தொண்டைமான் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். குலோத்துங்கன், தொண்டைமான் என்ற இரண்டு பெயர்களும் மக்கள் வாயில் ஒன்றாகச் சேர அதுவே வழியாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். 48,000 குடிகளைக் கொண்டுவந்தது கரிகாலன் என்று சொல்லும் வடிவமும் உண்டு. ராஜா மாறுகிறான், குடித்தொகை மட்டும் மாறுவதில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, யார் பெயருக்கு, எந்த நிலத்துக்கு. மெக்கன்சி ஆட்கள் கதை சேகரித்த அதே வருடங்களில், பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் மிராசு உரிமை என்ற பெரிய வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்கு யாருக்கு என்று கம்பெனி அதிகாரிகள் விசாரித்தார்கள். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த எல்லிஸ் துரையை உங்களுக்குத் தெரியும். அவர் 1818-இல் மிராசு உரிமை பற்றி விரிவான அறிக்கை எழுதினார். தொண்டை மண்டலத்தின் பழங்குடியேற்றக் கதையும் அந்த விவாதத்துக்குள் வந்தது. "எங்களைக் குடியமர்த்தியது சக்கரவர்த்தி, ஆகையால் நிலம் எங்களுடையது." கின்டெய்ல் சாசனம் போலவே இல்லையா இது? அங்கே மான், இங்கே யானை.

இந்தப் பத்திரத்தில் பெயர் இல்லாதவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். அந்த நிலத்தில் சேற்றில் இறங்கி உழுதவர்கள், நாற்று நட்டவர்கள், ஏரிக்கரையில் மண் சுமந்தவர்கள். மிராசுதாரர் சம்மதம் இல்லாமல் தரிசு நிலத்தைக்கூட அவர்கள் கேட்டு வாங்க முடியவில்லை. குடியிருக்கும் மனைக்கட்டே மிராசுதாரர் தயவில் இருந்தது. 1891-இல் செங்கற்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் இதையெல்லாம் விவரமாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசுகிறோமே, அதன் தொடக்கம் இதுதான். பொன்னேரியும் திருவள்ளூரும் அப்போது அந்த ஜில்லாவில் இருந்த தாலுகாக்கள். ஆகவே இது நம் வீட்டு வாசலில் நடந்த சரித்திரம். நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் 48,000, அந்த நாளில் இன்னொருவன் ஒரு காணி நிலம் கேட்டபோது "நீ யார்?" என்று திருப்பிக் கேட்கப் பயன்பட்டது.

ஸ்காட்லாந்திலும் முடிவு வேறில்லை. "பிள்ளைகள்" என்று பெயர் வைத்திருந்த குலத்தின் தலைவர் குடும்பம், கடன் முற்றி 1844-இல் லூயிஸ் தீவை அபின் வியாபாரத்தில் பணம் சேர்த்த மத்தேசன் என்பவருக்கு விற்றது. சில வருடங்களில் தீவிலிருந்து 2,000-க்கும் மேற்பட்ட குடியானவர்கள் கப்பலேற்றப்பட்டுக் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே பாட்டனின் பிள்ளைகள் என்ற கதை, பத்திரப் பதிவு அன்றைக்கு உதவவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கனடாவுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று மான் தலைச் சின்னத்தையும் குலத்துக்கென்று ஒரு கட்டம் போட்ட துணியையும் ஆசையாக வாங்குகிறார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் தனித்தனிக் கட்டம் என்ற ஏற்பாடே பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் உருவானது. அவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். ஊரை இழந்தவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டும்.

ராஜாக்களே இதைச் செய்தார்கள். நம் திருவாலங்காட்டில் 1905-இல் கிடைத்த ராஜேந்திர சோழனின் செப்பேடுகளைப் பாருங்கள். 31 ஏடுகள். சமஸ்கிருதப் பகுதி வம்சத்தைச் சூரியனிலிருந்து தொடங்கி மனு, இட்சுவாகு, சிபி என்று இறக்கிக்கொண்டு வருகிறது. கங்கை வரை படை அனுப்பியவனுக்கும் சூரியன் தேவைப்பட்டான்! தமிழ்ப் பகுதியோ பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த விவரம். பெண் யானையை நடக்கவிட்டு எல்லை காட்டியது, எந்தத் திசையில் எந்த ஊர், எந்த வாய்க்கால் என்பதெல்லாம் அதில் உண்டு. இரண்டும் ஒரே செப்பேடுதான். சூரியனை வணங்கிவிட்டு, வாய்க்காலை நம்புங்கள் என்பதே நான் பிள்ளைகளுக்குச் சொன்னது.

"யார் முதலில் வந்தது?" என்ற கேள்விக்கும் நம் மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. பூண்டி ஏரிக்குப் பக்கத்தில் அதிரம்பாக்கம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். சாந்தி பப்பு குழுவினர் பல வருடம் அகழ்ந்து, அந்தக் கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருட வயது என்று 2011-இல் வெளியிட்டார்கள். நம்மைப் போன்ற மனிதர்கள் தோன்றுவதற்கு முன்பே கொசஸ்தலை ஆற்றங்கரையில் யாரோ கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் குறும்பர், பல்லவர், சோழர், நாம் எல்லோருமே நேற்று ஷிஃப்ட் மாறி வந்தவர்கள்.

குறும்பரைப் பற்றி ஒரு வார்த்தை. கதை அவர்களைத் தோற்கடித்துவிட்டு மேலே போய்விடுகிறது. ஆனால் நாட்டைக் கோட்டங்களாகப் பிரித்தவர்களும் கோட்டை கட்டியவர்களும் அவர்கள்தான் என்று அதே கதை ஒத்துக்கொள்கிறது. கோயிலில் நிற்கும் எருக்கந் தூண் அவர்கள் வீட்டுச் சொத்து. சமண முனிவர் ஒருவர் அவர்களுக்கு உபதேசித்தார் என்று மெக்கன்சி சுவடி சொல்கிறது. புழலில் ஆதிநாதர் கோயில் இன்றும் இருக்கிறது. குறும்பர் என்ற பெயரோடு ஆடு மேய்த்து வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை படிக்கிற இடத்தில், "உங்களை அழித்துத்தான் நாங்கள் வந்தோம்" என்று நாம் கல்லில் எழுதி நிறுத்தலாமா?

இன்னொரு பெண்ணையும் நினைத்துக்கொள்கிறேன். கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்து படித்தவள். 1990-இல் கைக்குழந்தையாகப் படகில் வந்தவள். "உங்கள் வம்சாவளியை எழுதி வாருங்கள்" என்று ஒருமுறை வீட்டுப்பாடம் கொடுத்தேன். மற்ற பிள்ளைகள் ராஜா பெயரெல்லாம் எழுதி வந்தார்கள். அவள் ஒரு பக்கத்தில் அம்மாச்சி பெயர், அம்மாச்சி ஊர், வீட்டுக் கிணற்றடியில் நின்ற மரம், படகு புறப்பட்ட கரை, வந்து இறங்கிய தேதி இவ்வளவும் எழுதியிருந்தாள். அந்த வருடம் நான் பார்த்த வம்சாவளிகளில் சரித்திரம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். முழு மதிப்பெண் போட்டேன்.

இப்போது கணக்கு வாத்தியார் செய்ய வேண்டிய வேலையை நான் செய்கிறேன். உங்களுக்குப் பெற்றோர் 2 பேர், பாட்டன் பாட்டி 4 பேர், அதற்கு மேல் 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும். 10 தலைமுறைக்கு 1,024. 20 தலைமுறைக்கு 10 லட்சத்துக்கும் மேல். குலோத்துங்கன் காலம் ஏறக்குறைய 30 தலைமுறைக்கு முன்பு. 30 முறை இரட்டித்தால் 107 கோடி வருகிறது. அன்றைக்கு உலகம் முழுவதும் சேர்த்தே அத்தனை பேர் கிடையாது. அதாவது ஒரே முன்னோர்கள்தான் பல வழிகளில் திரும்பத் திரும்ப வருகிறார்கள், எல்லாருக்கும் வருகிறார்கள். ஆதொண்டை என்று ஒருவன் இருந்து, அவன் சந்ததி தழைத்திருந்தால், அவன் நமக்கு மட்டும் பாட்டனாக இருக்க வழியில்லை. "பின்னால் வந்தவர்கள்" என்று காணொளி ஒதுக்குகிற குடும்பத்துக்கும் பாட்டன். குறும்பனும் நமக்குப் பாட்டன். அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளை எச்சில் அனுப்பி டி.என்.ஏ. சோதனை செய்துகொண்டதாகச் சொன்னார். நல்லதுதான். அது எந்தப் பகுதி மக்களோடு எவ்வளவு ஒற்றுமை என்று சொல்லும். சக்கரவர்த்தி பெயரைச் சொல்லாது.

வம்சம் என்று நாம் சொல்லும்போது இந்த 107 கோடி வழியில் ஒரே ஒரு வழியை, அப்பனுக்கு அப்பன் என்ற வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறோம். கல்லுக்காகக் குடும்பக் குழுவில் தயாரித்த பட்டியலைப் பார்த்தேன். 6 தலைமுறை ஆண்கள் பெயர் வரிசையாக இருக்கிறது. பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. நம் அப்பாக்களைப் பெற்ற பாட்டியின் மாமியார் பெயர் என்ன? நான் கேட்டுப் பார்த்தேன். நம்மில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. 900 வருடத்துக்கு முந்தின சக்கரவர்த்தியின் பெயர் தெரிகிறது, 100 வருடத்துக்கு முன்னால் நம் வீட்டு அடுப்பில் கஞ்சி காய்ச்சியவள் பெயர் தெரியவில்லை. எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் வராததற்கு இதுதான் காரணம்.

ஆகவே என் பதில். ஆதொண்டை வாசகத்தை நான் எழுதித் தரப்போவதில்லை. பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கதையைச் சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. திருமுல்லைவாயிலுக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் தூணைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். யானைக் கதை கேட்காத பிள்ளை பாவம். வாயால் சொல்லும் கதையில் அடுத்த தலைமுறை "ஏன், எப்படி?" என்று கேட்க இடம் இருக்கும். கல்லில் வெட்டிவிட்டால் அந்த இடம் போய்விடும். 300 வருடம் கழித்து யாராவது அதைச் சாசனம் என்று படியெடுத்துக்கொண்டு போவார்கள்.

கல் வேண்டும் என்றால் வைப்போம். அதில் நமக்கு நிச்சயமாகத் தெரிந்ததை எழுதுவோம். ஊர்ப் பெயர், ஏரிப் பெயர், கோயிலை எடுத்துக் கட்டியவர்கள், நிலத்தில் உழைத்தவர்கள், சிலையைச் செய்தவர், கல்லைச் செதுக்கியவர். கூரை ஓட்டை மாற்றுவதற்குச் சிப்காட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கைகொடுக்கும் ஒடிசாப் பிள்ளைகள் நான்கு பேர் பெயரும் இருக்கட்டும். குடும்பப் பெயர் வரிசையில் ஒவ்வொரு ஆணுக்குப் பக்கத்திலும் அவர் மனைவியின் பெயரும் அவள் பிறந்த ஊரும் வர வேண்டும்.

அதற்கு உங்கள் உதவி வேண்டும். வீட்டில் 80 வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பாட்டி பெயர், பாட்டியின் அம்மா பெயர், எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தாள், என்ன வேலை செய்தாள். பழைய பத்திரம், பட்டா, இரும்புப் பெட்டியில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகை, பாத்திரத்தில் வெட்டிய பெயர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். சீர் பாத்திரங்களைக் கட்டாயம் பாருங்கள், பெண் பெயர் நம் வீடுகளில் அதிகம் எழுதப்பட்டிருப்பது அங்கேதான். மாணவர்களும் அவரவர் வீட்டில் இதைச் செய்யலாம். என்னைக் கேட்டால் உதவுகிறேன்.

கும்பாபிஷேகம் தை மாதம். கல் வெட்டுகிறவர் கார்த்திகைக்குள் வாசகம் கேட்கிறார். முதல் வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அது அந்தப் பாட்டிக்கு. யாருக்காவது பெயர் தெரிந்தால் இரவு எந்நேரமானாலும் போன் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்